எத்தனை ஏ?

ஜோகூரில் இப்போது படிவம் 5இல் இருக்கும் பிள்ளைக்கு எஸ்.பி.எம்.தான் முதல் அரசாங்கத் தேர்வு. அவனுடைய அண்ணன், அக்கா காலத்தில் ஆறாம் ஆண்டில் யு.பி.எஸ்.ஆர்., மூன்றாம் படிவத்தில் பி.டி.3 என்று இரண்டு தேர்வுகள் முன்னால் இருந்தன. யு.பி.எஸ்.ஆர். 2021இல் நீக்கப்பட்டது, பி.டி.3 அதற்கு அடுத்த ஆண்டு. பிள்ளைகளின் சுமையைக் குறைக்கத்தான் நீக்கினார்கள். நல்ல எண்ணம்தான். ஆனால் பன்னிரண்டு வயதிலும் பதினைந்து வயதிலும் கொஞ்சம் கொஞ்சமாகப் பழகியிருக்க வேண்டிய பயம், இப்போது பதினேழு வயதில் ஒரே மூச்சில் வருகிறது. முடிவு மோசமாக வந்தால் வீடு எப்படி நடந்துகொள்ளும் என்பது பிள்ளைக்கும் தெரியாது, வீட்டுக்கும் தெரியாது.

அப்புறம் அந்தக் கேள்வி. கோயில் திருவிழாவில், கல்யாண வீட்டில், குடும்ப வாட்ஸ்அப் குழுவில், பக்கத்து வீட்டு வேலிக்கு மேலாக: “எத்தனை ஏ?”

இந்தக் கேள்வியைக் கேட்பவர் பெரும்பாலும் கெட்ட எண்ணத்தோடு கேட்பதில்லை. அவருக்குத் தெரிந்த அளவுகோல் அது ஒன்றுதான். பிரச்சினையின் வேர் அங்கேதான் இருக்கிறது என்று நினைக்கிறேன். நம் வீடுகளில் இந்தக் காலகட்டத்தில் வரும் அழுத்தத்தில் பாதிக்குமேல் பாடத்தைப் பற்றியது அல்ல, எஸ்.பி.எம்.முக்குப் பிறகு என்னென்ன வழி இருக்கிறது, எது யார் கையில் இருக்கிறது என்பது தெரியாததால் வருவது. அப்பா அம்மாவில் பலர், அரசாங்க உயர்கல்வி இடங்களுக்கு விண்ணப்பிக்கும் யு.பி.யு. பக்கத்தை ஒருமுறைகூடத் திறந்து பார்த்ததில்லை. வழி தெரிந்தவன் பிள்ளை. பணமும் ஆசையும் பெற்றோரிடம். இரண்டும் ஒரே மேசையில் உட்காராத வீட்டில்தான் கதவு சாத்தப்படுகிறது, சாப்பாடு மறுக்கப்படுகிறது.

பெற்றோரின் ஆசையைக் குறை சொல்லுமுன் அது எங்கிருந்து வந்தது என்று பார்க்க வேண்டும். தாத்தாவும் பாட்டியும் உலு திராமிலோ ரெங்கத்திலோ லாபிசிலோ தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர்கள். ரப்பர் செம்பனையானது, செம்பனையில் ஒரு பகுதி தாமானானது, குடும்பங்கள் மாசாய்க்கும் ஸ்கூடாய்க்கும் பாசிர் கூடாங்கிற்கும் நகர்ந்தன. தோட்டத்தை விட்டு வந்தவர்களுக்கு நிலமும் இல்லை, கடையும் இல்லை. பிள்ளையின் படிப்பு ஒன்றே முதல். அது எவ்வளவு ஆழமான நம்பிக்கை என்பதற்கு ஸ்ரீ முருகன் நிலையம் ஒரு சாட்சி. டான் ஸ்ரீ டாக்டர் எம். தம்பிராஜா 1982இல் தொடங்கிய அந்த இயக்கம், துணைப்பாட வகுப்பை நாடு முழுக்கக் கொண்டுபோனது. தேர்வு எழுதப்போகும் பிள்ளைகளையும் பெற்றோரையும் பத்துமலைக்கு அழைத்துச் சென்று ‘கல்வி யாத்திரை’ என்றே நடத்தியது. தேர்வுக்காக யாத்திரை போகும் சமூகத்தில் மார்க் குறைந்தால் அது வெறும் மார்க்காக இருக்குமா?

ஜோகூருக்கென்று இன்னொரு விஷயமும் உண்டு. விடியுமுன் மோட்டார் சைக்கிளில் பாலம் தாண்டி சிங்கப்பூருக்கு வேலைக்குப் போய், இரவில் திரும்பும் அப்பாக்கள் இங்கே ஏராளம். வார நாளில் பிள்ளையும் அப்பாவும் பேசிக்கொள்வதே சில நிமிடம். அந்த நிமிடங்களில் “படிச்சியா?” என்பதைத் தவிர வேறெதுவும் கேட்க நேரமில்லை. அதோடு, ஒரு சிங்கப்பூர் வெள்ளிக்கு இங்கே மூன்று வெள்ளிக்குமேல் கிடைக்கிறது. “எஸ்.பி.எம். முடிச்சிட்டு அங்க வேலைக்குப் போனா டிகிரி படிச்சவன விட அதிகம் சம்பாதிக்கலாம்” என்று பதினேழு வயதுப் பையன் கணக்குப் போட்டால் அது தப்புக் கணக்கும் இல்லை. அப்பாவின் கடுமையில் பாதி, மகன் டாக்டராக வேண்டும் என்ற ஆசையால் வருவதில்லை. தன்னைப் போலவே அந்தப் பாலத்தில் வரிசையில் நின்றுவிடுவானோ என்ற அச்சத்தால் வருகிறது. அதை அவர் சொல்வதில்லை. சொன்னால் தன் வேலையைத் தானே தாழ்த்துவது போலாகிவிடும்.

சரி, வழிகளுக்கு வருவோம்.

எஸ்.பி.எம். முடித்தவருக்கு அரசாங்கத்தில் நான்கு பெரிய வழிகள். மெட்ரிகுலேஷன், பெரும்பாலும் ஓராண்டு. ஜோகூர் மெட்ரிகுலேஷன் கல்லூரி தங்காக்கில் இருக்கிறது. ஆறாம் படிவம், அதாவது எஸ்.டி.பி.எம்., ஒன்றரை ஆண்டு, மூன்று தவணை. பல்கலைக்கழகங்கள் நடத்தும் அடிப்படைப் படிப்பான அசாசி. நான்காவது, டிப்ளமாவும் கைத்தொழிற்கல்வியும்: பாசிர் கூடாங்கில் இப்ராகிம் சுல்தான் போலிடெக்னிக், பாகோ உயர்கல்வி வளாகம் போன்றவை. இவற்றில் மெட்ரிகுலேஷனுக்குக் கல்வியமைச்சிடம் தனியாக விண்ணப்பிக்க வேண்டும். அசாசி, டிப்ளமா போன்றவை யு.பி.யு. வழியாக. ஒன்றுக்கு விண்ணப்பித்தால் மற்றதற்கும் சேர்ந்துவிடும் என்று நினைத்து ஆண்டுதோறும் சிலர் ஏமாறுகிறார்கள்.

நம் வீடுகளில் மிக அதிகமாகக் கண்ணீர் வருவது மெட்ரிகுலேஷனுக்கு. அதன் கணக்கை வெளிப்படையாகவே சொல்லிவிடலாம். அங்கே 90 விழுக்காடு இடங்கள் பூமிபுத்ரா மாணவர்களுக்கு, மற்ற எல்லாருக்கும் சேர்த்து 10 விழுக்காடு. 2019இல் மொத்த இடங்களை 25,000இலிருந்து 40,000ஆக உயர்த்தியபோதும் விகிதம் மாறவில்லை. 2024 ஜூன் இறுதியில் பிரதமர் அன்வார் இப்ராகிம், 10 ஏவும் அதற்கு மேலும் எடுத்த எல்லாருக்கும் இன வேறுபாடின்றி இடம் உண்டு என்று அறிவித்தார். அடுத்த ஆண்டே அந்தப் பத்தில் ஏ மைனஸ் சேருமா சேராதா என்று சர்ச்சை.

இதை இவ்வளவு விரிவாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. 8 ஏ எடுத்த பெண்ணுக்கு இடம் வரவில்லை என்றால் வீட்டில் முதலில் வரும் சொல், “இன்னும் கொஞ்சம் படிச்சிருந்தா கெடச்சிருக்கும்ல.” அவள் படிக்காததால் அது கிடைக்காமல் போகவில்லை. ஒரு கொள்கையின் விளைவை ஒரு பதினேழு வயதுப் பிள்ளையின் சோம்பலாக மொழிபெயர்த்துத் தண்டிப்பது அநியாயம். கொள்கையின்மேல் கோபம் வந்தால் அந்தக் கோபம் போக வேண்டிய இடங்கள் உண்டு: சட்டமன்ற உறுப்பினர், பெற்றோர் ஆசிரியர் சங்கம், பத்திரிகை. சாப்பாட்டு மேசை அல்ல.

ஆறாம் படிவத்தைப் பற்றி நம்மவரிடம் ஒரு தாழ்ந்த எண்ணம் இருக்கிறது; மெட்ரிக் கிடைக்காதவர் போகும் இடம் என்று. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. கடினமான தேர்வுதான். ஆனால் செலவு மிகக் குறைவு, வீட்டுக்குப் பக்கத்தில் படிக்கலாம், ஒரு தவணையில் மார்க் சரிந்தால் அந்தத் தாளைத் திரும்ப எழுதலாம். சிங்கப்பூரின் பெரிய பல்கலைக்கழகங்கள் ஏற்றுக்கொள்ளும் சான்றிதழ் எஸ்.டி.பி.எம்.; மெட்ரிகுலேஷனுக்கு அந்த வெளிநாட்டு மதிப்பு அவ்வளவு இல்லை. சிங்கப்பூர் போலிடெக்னிக்குகள் எஸ்.பி.எம்.மையே ஏற்கின்றன. அங்கே அரசாங்கத்தின் கட்டண மானியத்தை வாங்கினால், படித்து முடித்து மூன்று ஆண்டு அங்கே வேலை செய்ய வேண்டும் என்று ஒப்பந்தம் இருக்கிறது. பிள்ளையோடு சேர்ந்து படித்துப் பார்க்காமல் அதில் கையெழுத்துப் போடாதீர்கள்.

இப்போது யு.பி.யு.வின் உள்ளே. எஸ்.பி.எம். முடித்தவர் பன்னிரண்டு படிப்புகள் வரை வரிசைப்படுத்தலாம். தகுதி மதிப்பெண்ணில் 90 விழுக்காடு தேர்வு, 10 விழுக்காடு புறப்பாடம். “ஸ்கவுட், போட்டின்னு போயி நேரத்த வீணாக்காத” என்று மூன்றாம் படிவத்தில் தடுத்த பெற்றோர், ஐந்தாம் படிவத்தில் அந்தப் பத்துக்காக ஓடுவதைப் பார்த்திருக்கிறேன். அப்போது ஓடிப் பயனில்லை. அது ஆண்டுக்கணக்கில் சேர்ந்து வருவது. ஒவ்வொரு படிப்புக்கும் முந்தைய ஆண்டில் சேர்ந்தவர்களின் சராசரி மதிப்பெண் யு.பி.யு. வழிகாட்டியிலேயே இருக்கிறது. பன்னிரண்டையும் எட்டாத உயரத்தில் நிரப்பினால் எதுவும் கிடைக்காமல் போகலாம். நேர்முகத் தேர்வு கேட்கும் படிப்புகளுக்கு மார்க் மட்டும் போதாது.

மார்க் முழுதாக இருந்தாலும் கேட்டது கிடைக்கும் என்ற உறுதி இல்லை. 2025இல் எஸ்.டி.பி.எம்.மில் 4.00 எடுத்து, தகுதி மதிப்பெண் 99.9 வைத்திருந்த ஒரு மாணவருக்குக் கேட்டிருந்த கணக்கியல் படிப்பு கிடைக்காமல், வேறு படிப்பு வந்தது நாடு முழுக்கப் பேசப்பட்டது. இதைக் கேட்டுப் பயப்படுவதை விட நிம்மதி அடைய வேண்டும் என்பேன். உச்சியில் இருந்தவருக்கே அப்படி என்றால், நம் பிள்ளைக்கு வந்த ‘இல்லை’ அவன் யார் என்பதைப் பற்றிய தீர்ப்பு இல்லை. மேல்முறையீட்டுக்கு வாய்ப்பு உண்டு. கால அவகாசம் குறைவு, முடிவு வந்த அன்றே தேதியைக் குறித்துக்கொள்ள வேண்டும்.

ஆகவே என் முதல் யோசனை மிகச் சாதாரணமானது: யு.பி.யு. விண்ணப்பத்தைப் பிள்ளை தன் அறையில் தனியாக நிரப்பக் கூடாது, அப்பா தன் கைப்பேசியில் தனியாக நிரப்பவும் கூடாது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, ஒரே திரையின் முன்னால், பிள்ளை படித்துச் சொல்ல, பெற்றோர் கேள்வி கேட்க. கேள்வியும் “டாக்டர் ஏன் இல்ல?” என்று தொடங்க வேண்டாம். “இந்தப் படிப்பு எந்த ஊர்ல? விடுதி கெடைக்குமா? முடிச்சவங்க என்ன வேல செய்றாங்க?” என்று தொடங்கட்டும். அப்பாவுக்கு மலாயில் வாசிப்பது கடினம் என்றால் பிள்ளை தமிழில் சொல்லிக்கொண்டே போகலாம். தனக்குப் புரிந்த ஒன்றைப் பெற்றோருக்கு விளக்கும் பிள்ளை நிமிர்ந்து உட்காரும். அதைப் பார்க்கும் அப்பாவுக்கு, பிள்ளை விளையாட்டாக எதையோ தேர்ந்தெடுக்கவில்லை என்பது தானாக விளங்கும்.

டாக்டர் என்றதும் நின்று பேச வேண்டும், ஏனென்றால் நம் வீடுகளில் பெரிய சண்டைகள் அந்தச் சொல்லைச் சுற்றித்தான். நிரந்தர அரசாங்க வேலை, மரியாதை, கார் என்று பெற்றோர் மனத்தில் இருப்பது இருபது ஆண்டுக்கு முந்தைய டாக்டர். 2016 டிசம்பரிலிருந்து புதிய மருத்துவர்கள் ஒப்பந்த அடிப்படையில்தான் பணிக்கு எடுக்கப்பட்டார்கள். நிரந்தரப் பணி கேட்டு 2021 ஜூலை 26 அன்று ஒப்பந்த மருத்துவர்கள் நாடு முழுக்க ஹர்த்தால் செய்தார்கள். தனியாரில் படிக்கச் சில லட்சம் வெள்ளி. வெளிநாட்டில் மலிவாக இருக்கிறதே என்று போனால் மலேசிய மருத்துவ மன்றம் அந்தக் கல்லூரியை ஏற்கிறதா என்று பார்க்க வேண்டும். 2005இல் கிரிமியா மருத்துவப் பல்கலைக்கழகத்தின் அங்கீகாரம் விலக்கப்பட்டபோது கலங்கி நின்ற குடும்பங்களில் மிகப் பல நம்முடையவை. பிள்ளைக்கு உண்மையிலேயே மருத்துவம்தான் ஆசை என்றால் இதில் எதுவும் அவளை நிறுத்த வேண்டியதில்லை. ஆசை அம்மாவுடையது மட்டும் என்றால், இந்த விவரங்களை அம்மாவிடம் அமைதியாக எடுத்துவைக்கலாம். “எனக்குப் புடிக்கல” என்பதை விட அது எடுபடும்.

தமிழைப் பற்றியும் ஒரு வார்த்தை. எஸ்.பி.எம்.மில் பத்துப் பாடம்தான் என்று 2010 முதல் வரம்பு வந்தபோது நம் சமூகம் எதிர்த்துக் குரல் கொடுத்தது. தமிழ்மொழியும் தமிழ் இலக்கியமும் எடுக்க ‘பத்துக்கு மேல் இரண்டு’ என்ற ஏற்பாடு அப்படி வந்தது. அந்தப் போராட்டத்தால் தமிழ்ப் பாடம் ஒரு கௌரவமாகவும் ஆகிவிட்டது. பல பள்ளிகளில் தமிழ் இலக்கிய வகுப்பு பள்ளி நேரத்துக்கு வெளியே, சனிக்கிழமையில், ஆசிரியர் ஒருவரின் தனி உழைப்பில் நடக்கிறது. அந்த வகுப்புக்கு ஓடிப்போகும் பிள்ளைகளும் உண்டு. சங்கத் தலைவர் கேட்பார் என்பதற்காக அனுப்பப்படும் பிள்ளைகளும் உண்டு. முதலாமவர் எடுக்கட்டும். இரண்டாமவரைப் பதினொன்றாவது பாடத்தோடு போராடவிட்டுத் தமிழை வளர்க்க முடியாது. இதைச் சொன்னதற்கு எனக்குத் திட்டு விழும் என்று தெரியும்.

அடுத்தது பணம். நம் வீடுகளில் பிள்ளையிடம் மறைக்கப்படும் முதல் விஷயம் இதுதான், பிள்ளையின் மனத்தில் அதிகம் கனக்கும் விஷயமும் இதுதான். அப்பா கே.டபிள்யூ.எஸ்.பி. சேமநிதியின் இரண்டாவது கணக்கிலிருந்து, இப்போது செஜாத்ரா கணக்கு, படிப்புக்காகப் பணம் எடுக்கலாம் என்று நினைத்திருப்பார். நகையைப் பற்றி அம்மா யோசித்திருப்பார். இரவில் அடுத்த அறையில் இருந்து அரைகுறையாகக் கேட்கும் பிள்ளை, அளவு தெரியாமல் முழுக் குற்றத்தையும் தன் தலையில் ஏற்றிக்கொள்கிறது. தொகையைச் சொல்லிவிடுவது நல்லது. “எங்களால இவ்வளவு முடியும். அதுக்கு மேல பி.டி.பி.டி.என். கடன். கடனைக் கட்ட வேண்டியது நீ.” பல்கலைக்கழகத்தில் முதல் வகுப்பில் தேறினால் பி.டி.பி.டி.என். கடனிலிருந்து விலக்குக் கேட்கலாம் என்பதையும் சேர்த்துச் சொல்லலாம். எண்ணாகச் சொன்ன பாரத்தை ஒரு பிள்ளையால் தூக்க முடியும்.

காத்திருக்கும் மாதங்கள் தனி வேதனை. 2024ஆம் ஆண்டு எஸ்.பி.எம்.மின் முடிவு 2025 ஏப்ரல் 24 அன்றுதான் வந்தது. பல்கலைக்கழக இடம் பற்றிய பதில் அதற்கும் பிறகு. இந்த நாட்களுக்காக வீட்டில் ஓர் ஒப்பந்தம் செய்துகொள்ளலாம். பிள்ளை இப்படிக் கேட்கலாம்: “அப்பா, ரிசல்ட் வந்தா மொதல்ல உங்ககிட்டயும் அம்மாகிட்டயும்தான் சொல்வேன். மத்தவங்களுக்கு எப்ப சொல்லணும்னு நான் சொல்றேன், சரியா?” வாட்ஸ்அப் ஸ்டேட்டசில் போடுவதற்குமுன் பிள்ளையிடம் ஒரு வார்த்தை கேட்பது பெற்றோரின் பங்கு. மாமாவோ சித்தியோ போனில் “எத்தனை ஏ?” என்றால், “அவன் நல்லாத்தான் செஞ்சிருக்கான், வீட்டுக்கு வாங்க, பேசலாம்” என்று அம்மா சொன்னால் போதும். அந்த ஒரு வாக்கியத்தைக் கேட்கும் பிள்ளைக்கு, தன் பக்கம் ஆள் இருக்கிறது என்பது தெரிந்துவிடும். அண்ணன் மகளோடு ஒப்பிடுவதை அந்த மாதங்களிலாவது நிறுத்தி வையுங்கள். ஒப்பிட்டால் பிள்ளை இன்னும் படிக்கும் என்பது நாம் நம்ப விரும்பும் கதை.

எந்த அளவு வருத்தம் இயல்பு, எந்த அளவைத் தாண்டினால் கவனிக்க வேண்டும்? ஒரு வாரம் அழுவது, அறைக்குள் கிடப்பது, யாரையும் பார்க்க விரும்பாதது எல்லாம் நடக்கக்கூடியவைதான். இரண்டு வாரத்துக்கு மேலும் தூக்கமின்மை, சாப்பிட முடியாமை, காரணம் புரியாத வயிற்றுவலி, பிடித்த எதிலும் மனம் போகாமை தொடர்ந்தால் மருத்துவரிடம் போக வேண்டும். “நான் இல்லாட்டி உங்களுக்கு நிம்மதி” என்ற மாதிரி ஒரு வார்த்தை வந்துவிட்டால் இரண்டு வாரம் காத்திருக்கக் கூடாது, அன்றே. அப்படிச் சொல்லும் பிள்ளையிடம் நேராகக் கேட்கலாம், சாக வேண்டும் என்று தோன்றுகிறதா என்று. கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. பேச வழி கிடைத்தது என்று பிள்ளை நினைக்கும்.

இது அபூர்வம் என்று யாரும் எண்ண வேண்டாம். சுகாதார அமைச்சு 2022இல் பதின்ம வயது மாணவர்களிடம் நடத்திய நாடளாவிய ஆய்வில் நால்வரில் ஒருவர் மனச்சோர்வு அடைந்திருப்பதாகச் சொன்னார். சாக வேண்டும் என்ற எண்ணம் வந்ததாகச் சொன்னவர்கள் 13.1 விழுக்காடு. தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய, தண்டனைச் சட்டத்தின் 309ஆவது பிரிவும் 2023இல் நீக்கப்பட்டுவிட்டது. உதவி கேட்டால் போலீஸ் வரும் என்று பழைய பயத்தில் பிள்ளையை மறைக்க வேண்டியதில்லை. பள்ளியில் கவுன்சலிங் ஆசிரியர் இருக்கிறார். அரசாங்க கிளினிக்கில் ஒரு வெள்ளி கட்டி மருத்துவரைப் பார்க்கலாம், அவர் தேவைப்பட்டால் மேலே அனுப்புவார். போனில் பேச, ஹீல் லைன் 15555. தாலியான் காசே 15999. பிஃப்ரெண்டர்ஸ் 03-7627 2929, இருபத்துநான்கு மணி நேரமும். “கண்ணு பட்டுடுச்சு, சாமியார்கிட்ட கூட்டிட்டுப் போவோம்” என்று தோன்றினால் அதையும் செய்யுங்கள், கிளினிக்குக்குப் போய்விட்டு.

மீதம் இருப்பது பாலத்தின் அந்தப் பக்கம். “ஒரு வருஷம் சிங்கப்பூர்ல வேல செஞ்சிட்டு அப்புறம் படிக்கிறேன்” என்று பையன் சொன்னால் பெரும்பாலான வீடுகளில் அதோடு பேச்சு நின்று சத்தம் தொடங்கும். அதைக் கேட்டுப் பார்க்கலாம். களைத்துப்போன பிள்ளைக்கு ஓராண்டு ஓய்வு தவறில்லை, வீட்டுக்குப் பணம் தேவை என்றால் அது பொறுப்பும்கூட. ஆனால் எந்தக் கதவு மூடும், எது திறந்திருக்கும் என்று தெரிந்து போக வேண்டும். மெட்ரிகுலேஷன் அந்த ஆண்டு எஸ்.பி.எம். எழுதியவர்களுக்கானது, அடுத்த ஆண்டு கேட்க முடியாது. டிப்ளமாவும் கைத்தொழிற்கல்வியும் பிறகும் கிடைக்கும், அதே எஸ்.பி.எம். சான்றிதழோடு யு.பி.யு.வில் மறுபடி விண்ணப்பிக்கலாம். ஓராண்டு என்றால் எந்த மாதம் வரை, சம்பளத்தில் படிப்புக்கு எவ்வளவு ஒதுக்குவது, அடுத்த முறை யு.பி.யு. திறக்கும்போது தேதியைக் கவனிப்பது யார் என்பதை அப்பாவும் மகனும் போகுமுன்பே பேசி, தேதியோடு எழுதி வைத்துக்கொள்ளட்டும்.